அவளுக்கும் சேர்த்து நானே சொன்னேன்

கொஞ்சம் நகந்து உக்காருங்க தம்பி. பையை மேல வச்சிருங்களேன், கால் நீட்டலாம். நான் சாத்தூர் வரைக்கும்தான். நீங்க? கோவில்பட்டியா, நல்லது. மடியில ஒரு பச்சைக் கவர் வச்சிருக்கீங்கல்ல, அதைப் பார்த்துத்தான் இந்த சீட்டுல வந்து உக்காந்தேன். நானும் அந்த ஆஸ்பத்திரியிலருந்துதான் வர்றேன். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா வாயைக் கொப்பளிக்கணும்.

உங்களையும் ஆராய்ச்சிக்குக் கேட்டாங்களா? இல்லையா, சரி, இனிமே கேப்பாங்க. உள்ள நுழைஞ்சதும் ஒரு போர்டு இருக்கும் பாருங்க, கல்யாண மண்டபத்துல சாப்பாட்டு ஐட்டம் எழுதிப் போட்ட மாதிரி. சுகரா, வாங்க. ஆஸ்துமாவா, வாங்க. ஒத்தைத் தலைவலியா, மூட்டு வீக்கமா, வாங்க வாங்க. புது மருந்து ஆராய்ச்சி நடக்குது, விருப்பமுள்ளவங்க கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு போட்டிருப்பான். மொத நாள் அதைப் படிச்சப்ப எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. மனுசனுக்கு மனுசன் ஒத்தாசை பண்றான்னு நினைச்சேன். இன்னைக்கு அதைப் பார்த்தா குமட்டிக்கிட்டு வருது.

நான் மொதல்ல போனது என் மூட்டுக்குத்தான். ஷெரின்னு ஒரு பொண்ணு, கழுத்துல அட்டையைத் தொங்கப்போட்டுக்கிட்டு, பேச்சு மட்டும் தேன் மாதிரி இருக்கும். ஐயாவுக்கு சுகர் இருக்கான்னுச்சு. இருக்குன்னேன். பிரஷர்? அதுவும் இருக்கு. அப்ப மூட்டு ஆராய்ச்சிக்கு நீங்க ஆகாதுன்னுருச்சு. சரிம்மா, சுகர் ஆராய்ச்சியில போட்டுக்கோன்னேன். மூட்டுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களே, அதுக்கும் ஆகாதாம். கேட்டுக்கோங்க தம்பி, ஒத்தை வியாதிக்காரனுக்குத்தான் அங்க மரியாதை. வியாதியைக் குடும்பமா வச்சிருக்கிறவன் வெளிய நிக்கணும். அப்பவே எனக்கு அவங்க யோக்கியதை தெரிஞ்சிருக்கணும். தெரியல. போர்டுல கடைசியா சொரியாசிஸ்னு ஒரு வரி இருந்துச்சு, அதுல கண்ணு போயிருச்சு.

என் சம்சாரத்துக்கு அது இருக்கு. சண்முகக்கனின்னு பேரு. சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ராஜாமணி மெஸ்னு கேளுங்க, சின்னப் புள்ளையும் வழி காட்டும். ராஜாமணி நான்தான். சமையல் அவ. அயிரை மீனுக் குழம்பு வச்சான்னா பஸ்ஸுல போறவன் இறங்கி வருவான். கைப்பக்குவம்னா அது கைப்பக்குவம். ஆனா அந்தக் கையைத்தான் வெளிய காட்ட முடியாது.

மக பொறந்த பிறகு வந்துச்சு. முழங்கையில ஆரம்பிச்சு, புறங்கை, விரலிடுக்கு, அப்புறம் முதுகு, தலை. செவந்து தடிச்சு, மேல வெள்ளை வெள்ளையா செதிலு. காலையில அவ பாயை உதறுனா தவிடு உதிர்ற மாதிரி உதிரும். எனக்கு அதைப் பார்த்துட்டு காப்பி குடிக்க முடியாது. ஒட்டாதுன்னு எல்லா டாக்டரும் சொல்லிட்டான். எனக்கும் தெரியும், ஒட்டாது. தெரிஞ்சுட்டா அருவருப்பு போயிருமா? நான் ஒளிவு மறைவு இல்லாத ஆளு தம்பி, உள்ளதைச் சொல்றேன். அவளுக்குத் தட்டு தனி, தம்ளர் தனி, பாய் தனி. நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்ல. ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அவளா எடுத்து வச்சுக்கிட்டா.

மெஸ்ஸுல அடுப்படிக்கும் பந்திக்கும் நடுவுல ஒரு தட்டி கட்டி விட்டேன். அங்கிட்டு அவ, இங்கிட்டு நான். குழம்பை வாளியில ஊத்தித் தட்டிக்குக் கீழ தள்ளுவா, நான் எடுத்துப் பரிமாறுவேன். யாவாரம்னா யாவாரம்ல. சாப்பிடுறவன் கண்ணுல அந்தக் கை பட்டுச்சுன்னா எலையை மடிச்சுட்டு எந்திரிச்சுருவான். ஜனங்க அப்படித்தான் தம்பி, மனசாட்சி இல்லாத ஜனங்க.

போர்டைப் பார்த்துட்டு மறுவாரமே அவளைக் கூட்டிட்டுப் போனேன். அவ வர மாட்டேன்னா. ஊசி போட்டுப் பாக்குறதுக்கு நான் என்ன எலியான்னு கேட்டா. நான்தான் அதட்டிக் கூட்டிட்டுப் போனேன். ரத்தம் எடுத்தாங்க, அது இதுன்னாங்க. பாவி மகளுக்குத் தோலைத் தவிர ஒரு வியாதி இல்ல. ஷெரினுக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் ஒரு ரூமுல உக்கார வச்சாங்க. பெரிய டாக்டர் ஒருத்தர், ஷெரின், எதுக்க ஒரு கேமரா. எல்லாத்தையும் விளக்கிச் சொல்லணுமாம், அம்மா புரிஞ்சுக்கிட்டு சம்மதம்னு சொல்லணுமாம், அதைப் படம் பிடிக்கணுமாம். எதுக்குடா இந்த சினிமான்னு எனக்கு அப்பவே எரிச்சல். கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்திருக்கோம், மத்தியானப் பந்திக்கு ஆள் வந்துருவான். இவங்க என்னடான்னா ஆதியோடந்தமா ஆரம்பிக்கிறாங்க. இது இன்னும் கடைக்கு வராத மருந்து, இது ஆராய்ச்சிதான், எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மொதக் கொஞ்ச மாசம் எல்லாருக்கும் மருந்து ஊசி. அதுக்குப் பிறகு கொஞ்ச மாசம் சிலருக்கு மருந்து ஊசி, சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது. சரி சரின்னு நான் தலையை ஆட்டிக்கிட்டே வந்தேன்.

அப்ப பாருங்க, வாயே திறக்காதவ வாயைத் திறக்குறா. அந்த வெறும் ஊசி எனக்கு விழுந்து, கை பழையபடி ஆயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேக்குறா. டாக்டருகிட்ட. கேமரா ஓடுது. எனக்கு மானம் போச்சு. நல்ல காரியம் ஆரம்பிக்கிறப்ப இப்படியா அபசகுனமாக் கேப்பாங்க. மேசைக்கு அடியில அவ காலை மிதிச்சேன். அதெல்லாம் பெரியவங்க பார்த்துக்குவாங்க, நீ சம்மதம்னு சொல்லுன்னேன். டாக்டர், ஐயா, அவங்க கேட்டது நல்ல கேள்வி, பதில் சொல்லிடுறேன், நோய் திரும்பி வந்தாக்கன்னு இழுத்தாரு. நான் குறுக்க பூந்து, டாக்டர், அவளுக்கு என்ன தெரியும், அடுப்படியைத் தாண்டாதவ, எங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் புரிஞ்சுதுன்னேன். ஷெரின் விடல. அம்மா, உங்களுக்குக் கேள்வி இருக்கான்னு அவளையே பார்த்துக் கேட்டுச்சு. இவ என்னைப் பார்த்தா. இல்லைன்னா. சம்மதமான்னு கேட்டாங்க, சம்மதம்னா. அவ்வளவுதானே தம்பி, இதுக்கு எதுக்கு ஒரு மணி நேரம்?

வர்றப்ப கத்தையா ஒரு தாளு குடுத்தாங்க, வீட்டுல வச்சு நிதானமாப் படிங்கன்னு. தமிழ்லதான் போட்டிருந்துச்சு. நல்ல மொடமொடப்பான தாளு. எண்ணெய் ஊறல. வடை மடிக்க ஒரு வாரம் வந்துச்சு.

சும்மா சொல்லக் கூடாது, மருந்து வேலை செஞ்சுச்சு. ஆடியில ஆரம்பிச்சோம், புரட்டாசிக்குள்ள கை தெளிஞ்சுருச்சு. விரலிடுக்கெல்லாம் பச்சைப் புள்ளை தோலு மாதிரி. அவ அடிக்கடி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு நிப்பா, குழம்பு அடி பிடிக்கிறது கூடத் தெரியாம. ஒரு நாள் நானே தட்டியை ஓரமாத் தள்ளி வச்சேன். வா, நீயே வந்து பரிமாறுன்னேன். சேலைத் தலைப்பை இடுப்புல சொருகிக்கிட்டு வந்தா பாருங்க. யப்பா, வாங்க, இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்க, ரசம் சூடா இருக்குன்னு அவ பேசுன பேச்சை நான் கல்யாணமான புதுசுல கேட்டது. இவளுக்கு இவ்வளவு பேசத் தெரியுமான்னு இருந்துச்சு. யாவாரமும் கூடிப்போச்சு, அதை மறைப்பானேன்.

தீபாவளிக்கு என் தலையில எண்ணெய் வச்சு விட்டா. மக பொறந்ததுக்கு அப்புறம் அன்னைக்குத்தான். கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி, எண்ணெய் எரிச்சல்னு சொல்லி வச்சேன்.

கார்த்திகையில ஒரு நாள் பந்தியில குனிஞ்சு மோர் ஊத்துறா, ரவிக்கைக் கை மேல ஏறுது, முழங்கைக்கு மேல சிவப்பு. சின்னதாத்தான். உள்ள கூப்பிட்டு என்னடி இதுன்னேன். தீபாவளிக்கு முன்னாலயே அரிக்க ஆரம்பிச்சுருச்சுங்க, உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சுங்கிறா. அப்ப அந்தக் கையாலதான் என் தலையில எண்ணெய் வச்சிருக்கா. நினைச்சுப் பாருங்க. அன்னைக்கே போய் ரெண்டு தடவை சீயக்காய் போட்டுக் குளிச்சேன்.

கொஞ்ச நாள்லயே பழையபடி ஆயிருச்சு, புறங்கை வரைக்கும். தட்டியை இழுத்துக் கட்டுனேன். அவ உள்ள போகல. பரிமாறிக்கிட்டே நிக்கிறா. லாரி ஓட்டுற ஒருத்தன், தெனம் சாப்பிடுறவன், என்னக்கா கையில தீக்காயமான்னு கேட்டான். இல்ல தம்பி, தோல் வியாதி, ஒட்டாதுன்னா. அவன், அப்ப வைக்கா, ரெண்டு கரண்டியா வையுன்னு எலையைக் காட்டுறான். எனக்கு உடம்பு கூசிப்போச்சு. என்ன பொறப்போ, வெக்கங்கெட்டவன். அன்னைக்கு ஒருத்தனும் எந்திரிச்சுப் போகலதான். மனசுக்குள்ள நினைச்சிருப்பான்ல? எனக்குத் தெரியாதா.

மறுநாளே மதுரைக்கு, அதே ஆஸ்பத்திரிக்கு, அவளை இழுத்துக்கிட்டுப் போனேன். ஷெரின், டாக்டர், வரிசையில ஊசிக்கு உக்காந்திருந்தவங்க, அத்தனை பேருக்கு முன்னாலயும் பிடிபிடின்னு பிடிச்சேன். தண்ணியை ஊசியில போட்டு ஏமாத்துறீங்களாடா, ஏழைன்னா எலியான்னு கேட்டேன். ஐயா, இது மொதல்லயே சொன்னதுதான், வீடியோவுல இருக்கு, போட்டுக் காட்டவான்னு ஷெரின் கேக்குது. என் மூஞ்சியை எனக்கே போட்டுக் காட்டுவியான்னேன். பார்க்க மாட்டேன்னுட்டேன். அதை நான் எதுக்குப் பாக்கணும்?

விலகிக்கிறோம்னேன். எப்ப வேணும்னாலும் விலகலாம்னு அவங்களே சொன்னது, அது மட்டும் எனக்கு நல்லா காதுல விழுந்திருந்துச்சு. அம்மா, நீங்க சொல்லுங்க, உங்களுக்கு விலக இஷ்டமான்னு டாக்டர் அவளைக் கேக்குறாரு. அவளுக்கும் சேர்த்து நானே சொன்னேன். இவ இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்னேன். கையைப் பிடிச்சு, சேலைத் தலைப்போட சேர்த்துப் பிடிச்சு, லிப்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். ஷெரின் பின்னாலயே ஓடி வருது, ஐயா ஒரு நிமிசம், ஒரே நிமிசம் கேட்டுட்டுப் போங்கன்னு. லிப்டுக் கதவு மூடிருச்சு. பஸ்ஸுல இவ கேட்டா, அந்தப் பொண்ணு என்னமோ சொல்ல வந்துச்சே, என்னங்க அதுன்னு. ஏமாத்துறவ என்ன சொல்லுவா, சும்மா வான்னேன்.

இதோட முடிஞ்சிருந்தா உங்ககிட்ட நான் புலம்பவே மாட்டேன். பொங்கல் கழிச்சு ஒருத்தி வந்தா. லூர்துன்னு, அருப்புக்கோட்டைக்காரி, மில்லுல வேலை பார்த்தவ. ஊசி போடுற அன்னைக்கு கனிக்குப் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருப்பா, அவளுக்கும் இதே வியாதி. சாத்தூருக்கு ஏதோ கல்யாணத்துக்கு வந்தாளாம். அக்கா எங்கன்னு கேட்டுக்கிட்டே பந்திக்கு நடுவுல நடந்து வந்து இவ கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ கை ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு தம்பி. ஒரு பொட்டு இல்ல.

ஏக்கா வராமப் போனங்கிறா. எனக்கும் வெறும் ஊசிதான்க்கா விழுந்திருக்கு, உன்னைவிட மோசமாத் திரும்பி வந்துச்சு. வியாதி திரும்பி வந்தவங்களுக்கெல்லாம் உடனே அசல் மருந்தை மறுபடி ஆரம்பிச்சுட்டாங்கல்ல. இனி வருசக்கணக்கா நிறுத்த மாட்டாங்களாம். நமக்கு மொத நாளே சொன்னாங்களே, உனக்குச் சொல்லலையாங்கிறா.

கனி கையில சாம்பார்க் கரண்டி. அவ லூர்து கையைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. திட்டுவா, அழுவா, கரண்டியை விட்டெறிவான்னு நான் நின்னேன். அடுத்த எலைக்கு சாம்பார் ஊத்துனா.

அன்னைக்கு மூடுன வாய் தம்பி. சமைக்கிறா, பரிமாறுறா, வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் பேசுறா, மககிட்ட போன்ல பேசுறா. என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை இல்ல. உப்பு இருக்கான்னா டப்பாவை நகத்துவா. கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணலாம், சண்டை போட்டா பதிலுக்குச் சண்டை போடலாம். பேசாதவகிட்ட என்னத்தைப் பண்ண? வீட்டுக்குள்ள போகவே பயமா இருக்கு, நான் கட்டுன வீடு அது.

சரி, யாருக்காக இறங்குறோம், கட்டுனவளுக்காகத்தானேன்னு, ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு இன்னைக்குக் கிளம்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறேன், உன்னை மறுபடி சேர்க்கச் சொல்லிக் கேக்கப் போறேன்னு வாசல்ல நின்னு சத்தமாச் சொன்னேன். அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தவ கையை எடுத்துட்டு நிமிந்து பார்த்தா.

ஷெரினுக்குக் காராச்சேவு ஒரு கிலோ வாங்கிட்டுப் போனேன். நம்ம ஊர்ச் சேவு, வேண்டாம்னு சொல்ற ஆள் பொறக்கணும். அது வேண்டாம்னுருச்சு. இங்க யாருகிட்டயும் எதுவும் வாங்கக் கூடாதாம். தாயே, தெரியாமப் பண்ணிட்டேன், அவளைச் சேர்த்துக்கோன்னேன். நான், இந்த ராஜாமணி, கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு தடவை விலகுனவங்களைத் திரும்பச் சேர்க்க எங்களுக்கு அனுமதி இல்ல ஐயான்னுருச்சு. டாக்டரைப் பார்த்துக் கேட்டும் அதே பதில்தான்.

அதுக்கப்புறம் சொல்லுச்சு பாருங்க ஒரு வார்த்தை. அடுத்த மாசம் இதே வியாதிக்கு வேற ஒரு மருந்து ஆராய்ச்சி ஆரம்பிக்குதாம். அம்மா உடம்புக்கு வேற கோளாறு இல்லாததால, அதுல சேர வாய்ப்பு இருக்கு, கட்டாயம் வரச் சொல்லுங்கன்னுச்சு. எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. கூட்டிட்டு வர்றேம்மா, நாளைக்கே கூட்டிட்டு வர்றேன்னேன். இல்லைங்கய்யா, அம்மா மட்டும் வரட்டும், இல்லாட்டி மகளைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு வரட்டும். நாங்க அவங்ககிட்டத் தனியாப் பேசணும், நீங்க ரூமுக்குள்ள இருக்க வேண்டாம்னுச்சு.

என்னைத்தான் தம்பி. தாலி கட்டுனவனை வெளிய நிறுத்திப்புட்டு, என் பொண்டாட்டிகிட்ட இவங்க தனியாப் பேசணுமாம். அப்படி என்ன பேச்சு அது, எனக்குத் தெரியாம? ஊசி போடுறவன் வேணும், ஊசி வேணும், நான் மட்டும் வேண்டாம். எனக்கு உச்சந்தலையிலருந்து எரிஞ்சுச்சு. ச்சீன்னு சேவுப் பொட்டலத்தை அந்த மேசையிலயே போட்டுட்டு வந்துட்டேன். மனுசங்களா இவங்க? நினைக்க நினைக்க அருவருப்பா இருக்கு. குடும்பத்தைப் பிரிக்கிறதுக்குன்னே...

இருங்க, போன் அடிக்குது. மகளாத்தான் இருக்கும்.

அவ நம்பரு தம்பி. கனி.

ஹலோ. ம், நான்தான், சொல்லு. பஸ்ஸுலதான் வர்றேன், கள்ளிக்குடி தாண்டியாச்சு. கேட்டேன், கேட்டேன். இல்ல கனி, முடியாதுன்னுட்டாங்க. ஆமா, டாக்டரும்தான். விலகுனா விலகுனதுதானாம். என்னது? அந்தப் பொண்ணா? இல்ல, அது வேற ஒண்ணும் சொல்லல. என்னத்தைச் சொல்லும், ஒண்ணுமே சொல்லல.

ம். ம்.

வச்சுட்டா. சரின்னா, அவ்வளவுதான். வேற எதுவும் கேக்கல.

பேசிட்டா பார்த்தீங்களா தம்பி. ரெண்டு வார்த்தைன்னாலும் வார்த்தைதானே. இனி மெல்ல மெல்ல எல்லாம் சரியாயிரும். நீங்க சாத்தூர்ல இறங்கி ஒரு வாய் சாப்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போங்களேன், இன்னைக்கு நல்லாத்தான் சமைச்சிருப்பா.